புதன்கிழமை பாடியது

“சரி, அதை எடுத்துட்டு வேற ஒண்ணை வை. எத்தனை இருக்கு அந்த லிஸ்ட்ல?”

“நாலு டிரைவர்.”

“நாலும் வேலைக்கு ஆகலையா?”

“ஒண்ணு சத்தத்தை லேட்டாக் குடுக்குது. ஒண்ணு கரகரங்குது. மூணாவது, பெட்டியே சொருகலைன்னு சாதிக்குது. நாலாவது எதுக்கு இருக்குன்னு எனக்கே தெரியல.”

“நம்ம சபை டீக்கன்மாருங்க மாதிரின்னு சொல்லு.”

எல்வுட் சிரித்தான். சிரித்ததில் தொப்பை மேசையில் இடித்து லேப்டாப் ஒருமுறை குலுங்கியது. அர்டீலியா தட்டில் மிச்சமிருந்த பட்டர் பீன்ஸை முள்கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். சிரிக்காமல் இருந்தது அவன் மனைவி லவோனியா மட்டும்தான். அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று, தேன் கலந்த வெந்நீரை மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடக்கும் கழுத்தில் ஒரு கட்டி இருக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகுதான் இறங்கியது.

“டிரைவர் டிரைவர்ங்கிறியே, வேலை செய்யாத டிரைவரை எங்க ஸ்கூல் பஸ்ல ஒரு வாரம் வச்சிருக்க மாட்டாங்க,” என்றாள் அர்டீலியா. அவள் இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

“இது வேற. மைக் சொருகியிருக்கே இந்தச் சிவப்புப் பெட்டி, இது ஒரு பாஷை பேசும். லேப்டாப் ஒரு பாஷை பேசும். நடுவுல நின்னு மாத்திச் சொல்றதுதான் இதோட வேலை.”

“அப்ப அது பொய் சொன்னா ரெண்டு பேருக்கும் தெரியாது.”

எல்வுட் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதன் முனையில் ஊதி, பக்கத்துத் துளையில் சொருகினான். லேப்டாப் டிங் என்று ஒரு சத்தம் கொடுத்தது. இந்த டிங் சத்தத்தைத் திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக் கேட்டு லவோனியாவுக்குப் பல் கூசியது. இன்று சனி.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் ராலி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கழுத்துக் கட்டியை எடுத்துவிடுவார்கள். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போகிறதாம். “ரொம்ப ஜாக்கிரதையாத்தான் செய்வோம், மிஸஸ் ஃபெய்ஸன். ஆனா அப்படியே பழைய குரல் இருக்கும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. நீங்க பாடுவீங்களா?” என்று கேட்டாள். பாடுவீர்களா என்று லவோனியாவை யாரும் கேட்டதே கிடையாது.

அதற்குமுன் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட வேண்டும் அவளுக்கு. அவளே கட்டிய பாட்டு. பன்றி வெட்டுகிற ஆலையில் குடல் கழுவும் மேசையில் அவள் பத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறாள். சூடு ஆறாத குடல்கள் ஓடைமாதிரி மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒன்றின் நுனியைக் கண்டுபிடித்து, குழாயில் மாட்டி, தண்ணீரைத் திறந்து, உள்ளிருப்பதை விரலால் தள்ளி விட வேண்டும். நிமிஷத்துக்கு ஒன்பது. முதல் நாள் ரப்பர் கையுறைக்குள் அந்தச் சூடு ஏறியபோது தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிக்கூடப் பார்க்காமல், “வாயால மூச்சு விடு, கழுதை,” என்றாள். வாயால் மூச்சு விடப் பழகினாள். வாய் திறந்துதானே இருக்கிறது என்று பாடவும் பழகினாள். எல்லார் காதிலும் அடைப்பான், மேலே இயந்திரங்களின் கூச்சல், யாருக்குக் கேட்கப் போகிறது.

தண்ணியைத் திறந்து விடும் கர்த்தரே
நான் இன்னும் கழுவி முடிக்கல.

பன்னிரண்டு வருஷமாக ஹோம்கமிங் ஞாயிறன்று இந்தப் பாட்டோடுதான் சபை ஆராதனை தொடங்குகிறது. பால்டிமோருக்கும் நியூயார்க்குக்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். லவோனியா எழுந்து, பியானோ இல்லாமல், தனியாக முதல் வரியை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சாதாரண ஞாயிறுகளிலும் அடிக்கடி அதைப் பாடுவாள். எடுத்துக் கொடுப்பவர் சாகும்வரை அந்தப் பாட்டை வேறொருவர் எடுப்பதில்லை. அது அங்கே யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் பாட்டு எங்கேயும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. இருப்பதெல்லாம் யார் யாரோ போனில் பிடித்தவை. அவற்றில் விசிறி ஓடும், குழந்தை அழும், யாராவது மூக்கைச் சிந்துவார்கள்.

“நான் எடுத்துத் தரேன்,” என்றான் எல்வுட். வீட்டில் இரண்டு வருஷமாக அவன் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு சபைப் பையன்களின் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். “ஒரு மணி நேர வேலை.”

அது போன ஞாயிற்றுக்கிழமை.

“சரி, இப்போ ஒரு தடவை பார்ப்போம்,” என்றான் இப்போது. “போ வோனி, உள்ள போ.”

“இருபத்தி மூணாவது,” என்றாள் லவோனியா. அவள் குரல் அடித்தொண்டையில் மணல் மாதிரி உரசியது.

“இது வந்துடும்.”

“இதைத்தான் இருபத்தி ரெண்டுக்கும் சொன்னே.”

படுக்கையறையில் துணி அலமாரிக்குள்தான் மைக் நின்றது. தொங்குகிற துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பது எல்வுட்டின் கணக்கு. அதனால் வீட்டிலிருந்த தடித்த துணியெல்லாம் அங்கே தொங்கியது. அவனுடைய வேலைத் துணிகளும் தொங்கின. பண்ணைக் குட்டையிலிருந்து பன்றிக் கழிவை வயலுக்குத் தெளிக்கும் வேலை அவனுக்கு. குழாய்வண்டியை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு இழுத்துப் போய், இயக்கிவிட்டு வர வேண்டும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணிகளில் குட்டை இருந்தது. வெயில் ஏறினால் துணியே வியர்ப்பதுபோல் நாற்றம் எழும்பும்.

“அந்த ரெண்டு கோட்டையாவது வெளியில போடுறேனே,” என்று புதன்கிழமை கேட்டாள்.

“அதுதான்மா ரொம்பத் தடிமன். அதை எடுத்தா அறை முழுக்க எதிரொலிக்கும்.”

சமையலறையில் ஏசி அணைக்கப்பட்டிருந்தது, அதன் இரைச்சல் மைக்கில் விழும் என்று. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, பின்வயலில் காலையிலிருந்து தெளிப்பு ஓடிக்கொண்டிருந்ததால். ஆகஸ்ட் மாதத்துக் காற்று ஈரத்துணி மாதிரி வீட்டுக்குள் தொங்கியது. அதில் பட்டர் பீன்ஸில் போட்ட பன்றிக் கொழுப்பின் வாசனையும், கண்ணாடி இடுக்கு வழியாக வந்த மற்றதும் கலந்திருந்தன. இரண்டும் ஒரே பிராணியிலிருந்து வருவதுதான் என்று லவோனியாவுக்குத் தோன்றியது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டினாள். அதில் அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. எல்வுட்டின் கோட்டுக் கை அவள் கன்னத்தில் உரசியது. வாயால் மூச்சு விட்டாள்.

பாடினாள். நன்றாகத்தான் வருகிறது என்று நினைத்தாள். தண்ணி என்று மேலே ஏறுகிற இடத்தில் கழுத்தில் ஏதோ இழுத்தது, கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் ஏறிவிட்டாள். நாலு சரணமும் முடித்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே வந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது.

சமையலறை வாசலிலேயே எல்வுட் கையை விரித்தான். “போச்சு. மறுபடியும் கரகரப்பு.”

“போட்டுக் கேட்டியா?”

“போட்டுக் கேக்கணுமா? அலையைப் பார்த்தாலே தெரியுது.”

திரையில் பச்சையாக ஒரு பட்டை நெளிந்திருந்தது. லவோனியா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. பண்ணைக்காரன். எல்வுட் காதில் வைத்து, “ஆமா… இல்லையே, காலையில நல்லா ஓடிச்சே… வீட்டுப் பக்கமா? சரி, சரி, வரேன்,” என்றான்.

“என்னாச்சு?” என்றாள் அர்டீலியா.

“வண்டி குழாயைச் சுத்தாம ஒரே இடத்துல நின்னுக்கிட்டிருக்காம். ஒரு மணி நேரமா அதே எடத்துல பீச்சுது. ரோட்டுக்கு வழியுதாம்.” பூட்ஸை மாட்டியபடியே சொன்னான். “வோனி, எதையும் தொடாதே. வந்து அழிச்சுட்டு மறுபடி பார்க்கலாம்.”

வலைக்கதவு அடித்துக்கொண்டது. திறந்த நேரத்தில் உள்ளே வந்த நாற்றம் அங்கேயே நின்றது.

லவோனியா அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது. ஆறு நாளாக அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. நீளமான பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

“தொடாதேன்னு சொல்லிட்டுப் போனானே,” என்றாள் அர்டீலியா.

“என் பாட்டுத்தானே. எவ்வளவு கரகரங்குதுன்னு நானும் கேக்கிறேன்.”

அழுத்தினாள்.

கரகரப்பு எதுவும் இல்லை. முதலில் ஃபிரிட்ஜின் உறுமல் வந்தது. பிறகு ஒரு முள்கரண்டி தட்டில் கீறுகிற சத்தம், மிகக் கிட்டத்தில், பல்லுக்குள் கீறுவதுபோல். யாரோ மென்றார்கள். விழுங்கினார்கள். அதற்கெல்லாம் பின்னால், நாலு வீடு தள்ளி ஓடுகிற ரேடியோ மாதிரி, சுவருக்கு அப்பால் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன, என் மைக் இல்லையே இது,” என்று லவோனியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது லேப்டாப்பிலிருந்து அர்டீலியாவின் குரல் வந்தது.

“பாவம், தொண்டை என்னத்துக்கு ஆகும் எல்வுட். நீ கரகரங்குதுன்னு சொல்லச் சொல்ல அவ பாடிக்கிட்டே இருக்கா.”

நாற்காலி முனகியது. எல்வுட்டின் பெருமூச்சு.

“கரகரக்கல.”

“என்னது?”

“கரகரக்கல, அர்டீலியா. திங்களும் செவ்வாயும் நெசமாவே மக்கர் பண்ணிச்சு. அப்புறம் இண்டர்நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான். கரண்ட்டை மிச்சம் புடிக்கிறேன்னு லேப்டாப் பெட்டிக்குப் போறதைக் குறைச்சுடுமாம், அதை அணைச்சு விடுன்னு. அணைச்சேன். புதன்கிழமை கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் என்ன கேடு?”

“கண்ணாடி மாதிரி இருந்ததுதான் கேடு. எல்லாம் தெரிஞ்சுது.”

உண்மையான அர்டீலியா, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள், எழுந்து கையை நீட்டி லேப்டாப்பை மூடப் போனாள். லவோனியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் வழுக்குகிற குடலைப் பிடித்த கை அது. அர்டீலியா இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே குனிந்த நிலையில் நின்றாள்.

“தண்ணின்னு ஏறுற எடத்துல அவளுக்குக் கால் வழுக்குது,” என்றது எல்வுட்டின் குரல். “ஒவ்வொரு தடவையும். ஏறிட்டதா நெனச்சுக்கிட்டு அரைப் படி கீழ நிக்கிறா. அவளுக்குத் தெரியல. ஈஸ்டர்லேர்ந்தே இப்படித்தான்.”

“எங்களுக்குத் தெரியும்.”

“யாருக்கு?”

“பாட்டுக் குழுவுல ஆல்டோ வரிசையில நிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த எடம் வந்தா நாங்க கூட ரெண்டு மடங்கு கத்துவோம், கவனிச்சதில்லையா? கை தட்டுறது எதுக்குன்னு நெனச்சே?”

தூரத்தில் அந்தப் பெண் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். சுவர் அவள் குரலில் எதை விட்டது, எதைப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல முடியவில்லை. லவோனியா காதை முன்னால் கொண்டுபோனாள். அவள் கேட்க விரும்பிய இடத்தில் அர்டீலியா ரொட்டியைக் கடித்தாள்.

“அப்ப தினமும் கரகரங்குதே, போட்டுக்கூடக் காட்டினியாமே அவளுக்கு?”

“இங்க ஒரு நம்பர் இருக்கு பாரு. இதை அடியில முப்பத்திரெண்டுக்கு இறக்கி வச்சா லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும், தானா கரகரங்கும். அதைப் போட்டுக் காட்டிட்டு அழிச்சுடுவேன்.”

“பாவி.”

“பாவிதான். மெஷின் கெட்டுப்போச்சுன்னா அவ என்னைத் திட்டுவா. திட்டட்டும், எனக்குப் பழக்கம்தான். குரல் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா யாரைத் திட்டுவா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்.”

“புதன்கிழமையதையும் அழிச்சுட்டியா?”

“இல்ல. அதை மட்டும் அழிக்கக் கை வரல.”

முள்கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம். பிறகு அர்டீலியா, குரலைத் தாழ்த்தி, “ஹோம்கமிங்குக்கு என்னை எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்காரு பாஸ்டர். வியாழக்கிழமை கூப்பிட்டாரு,” என்றாள்.

“அவகிட்ட சொன்னியா?”

“அதுக்குத்தானே பீன்ஸ் செஞ்சு எடுத்துட்டு வந்தேன். வாய் வரல.”

“பீன்ஸ் நல்லா இருக்கு.”

“கழுத்துக் கொழுப்பு போட்டேன். இன்னும் கொஞ்சம் வச்சுக்க, அவதான் தொடமாட்டேங்குறாளே.”

சுவருக்கு அப்பால் பாட்டு முடிந்தது. “முடிச்சுட்டா,” என்றது எல்வுட்டின் குரல். “மூஞ்சியைச் சரியா வச்சுக்க.”

பட்டை ஓடி முடிந்து நின்றது.

லவோனியா பிடியை விட்டாள். அர்டீலியாவின் மணிக்கட்டில் நாலு விரல் பதிந்திருந்தது. தட்டில் கொழுப்பு ஆறி வெள்ளையாக உறைந்து, இரண்டு பீன்ஸ் அதில் சிக்கி நின்றன. லவோனியா அதைப் பார்த்தாள். முதல் நாள் அந்தக் குடல் மேசையில்கூட அவளுக்கு இப்படிக் குமட்டியதில்லை. அங்கே கழுவுகிற பொருள் தான் குடல் என்பதை மறைத்ததில்லை. வாயால் மூச்சு விட்டாள். வாயிலும் அதே ருசி இருந்தது.

எத்தனை ஞாயிறு. அந்த இடத்தில் சபை மொத்தமும் பொங்கி எழுந்து கை தட்டும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

“வோனி,” என்றாள் அர்டீலியா. “வேணாம்னுதான் சொன்னேன் பாஸ்டர்கிட்ட. சத்தியமா. நான் திங்கட்கிழமை மறுபடி போய்…”

“தட்டை எடுத்துக்க.”

“இப்படிப் பார்க்காதே. நாம ஒண்ணா வளர்ந்தவங்க.”

“அதனாலதான் தட்டை எடுத்துக்கன்னு சொல்றேன். வேற ஒருத்தியா இருந்தா இந்தத் தட்டை நான் எடுத்து வீசியிருப்பேன்.”

அர்டீலியா தட்டை எடுத்தாள். மூடியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது. “நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். அந்தப் பாட்டு உன்னோடது.”

“எடு. யாராவது எடுத்துத்தானே ஆகணும். ஒழுங்கா எடு. அந்த எடத்துல வழுக்காம எடு. உனக்காகக் கத்துறதுக்கு நான் பின்னால நிக்க மாட்டேன்.”

வலைக்கதவு மறுபடி அடித்துக்கொண்டது. கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு வெளிக்குழாயில் யாரோ தண்ணீர் திறந்துவிட்டார்கள். எல்வுட் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கழுவினால் வெகுநேரம் கழுவுவான். இத்தனை வருஷமாக அதை அவள் அக்கறை என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெறும் காலோடு உள்ளே வந்தான். முழங்கால்வரை கால்சட்டை நனைந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. “சங்கிலி அறுந்திருக்கு. மில்லர் வீட்டுத் தபால் பெட்டி வரைக்கும் அடிச்சிருக்கு, அந்த அம்மா என்னைக் கிழிச்சு எடுத்துடுச்சு,” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து நின்றான். “அர்டீலியா எங்க?”

லவோனியா நீளப் பொத்தானை அழுத்தினாள். முள்கரண்டி தட்டில் கீறியது. யாரோ மென்றார்கள். பாவம், தொண்டை என்னத்துக்கு ஆகும் எல்வுட்.

மறுபடி அழுத்தி நிறுத்தினாள்.

எல்வுட்டின் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. அவன் திரைக்கு அருகே குனிந்தான். அவன் தோளிலிருந்து சூடாக நாற்றம் எழுந்தது. மவுஸை எடுத்து எங்கோ ஒரு பட்டியலைத் திறந்தான். கண்ணைச் சுருக்கினான்.

“ராத்திரி அப்டேட் ஆயிருக்கு,” என்றான். “பெட்டியோட டிரைவரைத் தூக்கிட்டு லேப்டாப் தன்னோடதை வச்சுக்கிடுச்சு. நான் காலையில பார்க்கவே இல்லை. லேப்டாப்போட மைக்ல எடுத்திருக்கு, அதான் இப்படி.” பிறகு, அதில் ஏதோ ஒரு நியாயம் கிடைத்துவிட்டதுபோல், “இந்தத் தடவை நெசமாவே டிரைவர்தான், வோனி,” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக ஒரே கட்டிலில் படுத்திருக்கும் மனிதனை, வழியில் செத்துக் கிடக்கும் எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். மிதிக்காமல் எப்படித் தாண்டுவது என்று யோசிக்கிற பார்வை.

“உன் நல்லதுக்குத்தான்,” என்றான்.

“எல்லாரும் என் நல்லதுக்குத்தான் தின்னுக்கிட்டு இருந்தீங்க.”

“உன் மனசு நோகக் கூடாதுன்னு…”

“இருபத்தி மூணு தடவை, எல்வுட். தொண்டையைக் கிழிக்காதேன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கா. அந்தச் சீட்டு அந்த ஃபிரிட்ஜ்லதான் ஒட்டியிருக்கு. தினம் அதைத் தாண்டித்தான் நீ பால் எடுக்கிறே.” ஒவ்வொரு சொல்லும் உரசிக்கொண்டு வந்தது. “உன் பீ நாத்தக் கோட்டை மூஞ்சியில போட்டுக்கிட்டு நான் அந்தப் பொந்துக்குள்ள நின்னு பாடுறேன். நீ இங்க உக்காந்து நம்பரை இறக்குறே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காலடியில் சொட்டிய தண்ணீர் பழுப்பாகத் தரையில் ஓடி, மேசைக்கால் பக்கம் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“இப்பவே எடுக்கலாம்,” என்றான். “சரியான டிரைவரை வச்சுட்டேன். பாரு, பெட்டி வந்துடுச்சு. கோட்டை எல்லாம் வெளிய போட்டுடறேன். ஒரே ஒரு தடவை. அந்த எடத்தை மட்டும் கொஞ்சம் கீழ எடுத்துப் பாடு. யாருக்கும் தெரியாது.”

லவோனியா வாயைத் திறந்து, சும்மா, முதல் சொல்லை எடுத்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. காற்றுக்கு நடுவில் ஒரு நூல் மாதிரி சத்தம் வந்து, அதுவும் அறுந்தது. திங்கட்கிழமை அவளிடம் இருந்தது இப்போது இல்லை. ஆறு நாளில் அதை அவனுக்குக் கொடுத்து, அவன் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டான். செவ்வாய்க்கிழமைக்குள் அது திரும்பி வராது. அதற்குப் பிறகு வருவது யாருடைய குரலாக இருக்குமோ.

எல்வுட்டுக்கும் அது கேட்டது. அவன் கை மவுஸிலிருந்து இறங்கியது.

வெளியே காற்று திசை மாறியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தும் நாற்றம் மெல்ல வந்து திரைச்சீலையில் ஏறியது. லவோனியா எழுந்தாள். ஜன்னலின் தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள். எல்லாம் உள்ளே வந்தது. அவள் மூக்கால் மூச்சு விட்டாள், நெஞ்சு நிறைய, குடல் மேசைக்குப் போன முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

திரும்பி வந்து அர்டீலியா உட்கார்ந்திருந்த நாற்காலியில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கட்டியை மறைக்கச் சுற்றியிருந்த கழுத்துத் துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஹெட்போனை எடுத்து, பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி, அதையும் துண்டின் மேல் வைத்தாள்.

“எந்தப் பேர்ல ஒளிச்சு வச்சிருக்கே?”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, “டிரைவர் டெஸ்ட்,” என்றான். அவ்வளவு மெல்லமாக.

“அதுல அந்த எடம் இருக்கா?”

“இருக்கு.”

“கைதட்டு இல்லாம?”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கண்கள் கலங்கியிருந்தன. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. துடைத்துக்கொள்ள ஒரு கையைத் தூக்கியவன், கையிலிருந்த அழுக்கைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டான்.

“சத்தத்தை முழுசா வை,” என்றாள் லவோனியா. “புதன்கிழமை பாடினதைப் போடு, எல்வுட்.”